பொறியியல் பட்டமேற்படிப்புத் தரவரிசையும் துறைகளின் நன்மதிப்பும்

பொறியியல் பட்டமேற்படிப்புத் தரவரிசை என்பது முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளை வழங்கும் பொறியியல் கல்லூரிகளையும் அவற்றின் துறைகளையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பட்டியல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது யூ.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்ட் ரிப்போர்ட் நிறுவனத்தின் பட்டியல். இந்நிறுவனம் 1987 இல் பட்டமேற்படிப்புகளை முதன்முதலில் வரிசைப்படுத்தியது. 1990 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றது.

கணிக்கும் முறை

கல்லூரி முழுமைக்கும் ஒரு பட்டியலும், குடிசார் பொறியியல், மின்பொறியியல் போன்ற துறைகளுக்குத் தனிப் பட்டியல்களும் உள்ளன. இவை ஒரே முறையில் கணிக்கப்பட்டவை அல்ல. 2010களில் கல்லூரிப் பட்டியலில் பிற கல்லூரித் தலைவர்களின் கருத்துக்கு 25 விழுக்காடும், வேலைக்கு ஆள் சேர்ப்போரின் கருத்துக்கு 15 விழுக்காடும் தரப்பட்டன. எஞ்சிய 60 விழுக்காடு ஆய்வுச் செலவு, ஆசிரியர்-மாணவர் விகிதம், ஜி.ஆர்.ஈ. மதிப்பெண் முதலிய தரவுகளுக்கு உரியதாக இருந்தது. துறைப் பட்டியல்களிலோ அத்தகைய தரவு எதுவும் சேர்க்கப்படவில்லை. பிற பல்கலைக்கழகங்களில் அதே துறைக்குத் தலைவர்களாக இருப்போர் அளித்த மதிப்பீடு மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. எனவே ஒரு துறையின் தரவரிசை இடத்தை அதன் நன்மதிப்புக்குத் தனிச்சான்றாகக் காட்ட இயலாது. அவ்விடமே நன்மதிப்பின் அளவுதான்.

இவ்விரு பட்டியல்களும் ஒன்றுக்கொன்று விலகுவதும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் துறை நெடுங்காலமாக முதலிடத்திலோ அதை ஒட்டியோ இருந்து வந்துள்ளது. அதன் பொறியியல் கல்லூரி 2010களில் முதல் பத்து இடங்களுக்கு வெளியே இருந்தது. கல்லூரியின் இடத்தை மட்டும் பார்த்து விண்ணப்பிக்கும் மாணவர் இத்தகைய துறையைத் தவறவிட நேரிடும்.

தேசிய ஆய்வு மன்றத்தின் மதிப்பீடு

ஐக்கிய அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1995 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அறிஞர்களின் கருத்துக்கணிப்பே முதன்மை பெற்றது. 2010 இல் வெளியான அடுத்த மதிப்பீடு, 212 பல்கலைக்கழகங்களின் 5,000க்கும் மேற்பட்ட முனைவர் பட்டத் திட்டங்களைத் தரவுகளைக் கொண்டு ஒப்பிட்டது. திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை இடத்துக்குப் பதிலாக இட வீச்சுகள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்று, எப்பண்புகள் முக்கியமானவை எனப் பேராசிரியர்கள் நேரடியாகக் கூறியதைப் பின்பற்றியது. மற்றொன்று, சில திட்டங்களுக்கு அவர்கள் அளித்த மதிப்பெண்களிலிருந்து எடைகளை வருவித்தது. இரண்டாம் முறையில், வாசல் வழியே அனுப்பிய நன்மதிப்பு சன்னல் வழியே திரும்பி வந்தது எனலாம். தரவுகள் பெரும்பாலும் 2005-06 கல்வியாண்டுக்கு உரியவை என்பதால், வெளியானபோதே அவை பழையன என்ற குறையும் கூறப்பட்டது.

விமர்சனங்கள்

நன்மதிப்பு மெதுவாகவே மாறும். புகழ்பெற்ற பேராசிரியர்கள் ஓய்வு பெற்ற பின்னரும் துறையின் பெயர் பல ஆண்டுகள் நிலைக்கும். புதிதாக வளரும் துறை கவனிக்கப்படக் காலம் பிடிக்கும். கணினியியலில் இதற்கு மாற்றாக, மாசச்சூசெட்ஸ் ஆம்கெர்சுட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமெரி பெர்கர் சி.எஸ். ரேங்கிங்சு என்னும் பட்டியலை உருவாக்கினார். இது கருத்துக் கேட்பதில்லை. தேர்ந்தெடுத்த மாநாடுகளில் துறையின் ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகிறது. ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்ப இது வகுக்கப்படுவதில்லை என்பதால் பெரிய துறைகளுக்கே சாதகமானது.