பௌபஜார் வீதிச் சொற்பொழிவுகள்

சொற்பொழிவு என்றவுடன் நம்மவர்க்குக் கோயில் மண்டபமும் புராணப் பிரசங்கமும் நினைவுக்கு வருதல் இயல்பு. விஞ்ஞானத்தையும் அவ்வாறே மக்களைக் கூட்டிவைத்துச் சொல்லலாம் என்று துணிந்தவர் கல்கத்தா வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார்.

எம்.டி. பட்டம் பெற்றிருந்தும் ஹோமியோபதிக்கு மாறியமையால் சக வைத்தியர்களின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். இந்தியர்களே நடத்தும் விஞ்ஞான நிலையம் ஒன்று வேண்டுமென 1869-இல் தம் சஞ்சிகையில் எழுதினார். பணம் திரட்டவே ஆண்டுகள் பல கழிந்தன. 1876-இல் பௌபஜார் வீதி 210-ஆம் எண் மனையில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் உதயமாயிற்று.

அங்கே சர்க்கார் தாமே பௌதிகம் போதித்தார். செயின்ட் சேவியர் கல்லூரியின் லாஃபோன் பாதிரியாரோ, கருவிகளை மேசைமேல் வைத்துக் கண்ணெதிரே செய்துகாட்டி விளக்குவதில் வல்லவர். ஜகதீச சந்திர போஸும் அசுதோஷ் முகர்ஜியும் அம்மேடையில் உரையாற்றியவர்களே. ஆயினும் அவ்வுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. கல்லூரி மாணாக்கர் பயனுற்றனர். அதே வீதியில் கடை வைத்திருந்த வங்காளிக்கு அங்கே இடமில்லை. இக்குறையை மறைப்பதில் பயனில்லை.

சர்க்காரின் கவலை வேறு. கேட்டுச் செல்வோர் போதாது, ஆராய்வோர் வேண்டும் என்பது அவர் வேட்கை. விஜயநகரம் மகாராஜாவின் கொடையால் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதில் முழுநேரம் ஆராயும் பேராசிரியர்களை அமர்த்தப் பொருள் கிட்டவில்லை. முயற்சி தோற்றது என்ற மனக்குறையுடனேயே 1904-இல் அவர் மறைந்தார். சங்கக் கூட்டங்களில் காலி நாற்காலிகளைக் கண்டு வருந்தும் நம் காரியதரிசிகளுக்கு அவர் துயரம் விளங்கும்.

மூன்றாண்டு சென்றது. 1907-இல் நிதித்துறை உத்தியோகம் ஏற்று, மனைவியுடன் கல்கத்தாவில் குடியேறினார் பத்தொன்பது வயது நிரம்பாத தமிழ் இளைஞர் ஒருவர். டிராம் வண்டியில் செல்கையில் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அவரே சி. வி. இராமன். தந்தைக்குப்பின் காரியதரிசியாயிருந்த அமிர்தலால் சர்க்கார் அவரை உவந்து வரவேற்று, ஆய்வுக்கூடத்தை அவருக்குத் திறந்துவிட்டார். அலுவலுக்கு முன்னும் பின்னும் இராமன் அங்கேயே உழைத்தார். தம் பங்குக்குச் சொற்பொழிவும் ஆற்றினார். வீணையும் மிருதங்கமும் அங்கே ஆராயப்பட்டன. 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அவ்விடத்திலேதான்.

அன்று கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே என்னும் ஊழியர், கல்லூரியில் பயிலாதவர். பின்னர் இராமனுக்கு உற்ற துணையாகி, ஆய்வுக் கட்டுரைகளில் இராமன் பெயருடன் தம் பெயரும் அச்சேறக் கண்டார்.