விளாச்சேரி மண்ணும் பெத்லகேம் குடிலும்

(திருவருகைக்கால வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்றோர் ஊர் இருப்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மண்பாண்டமும் பொம்மையும் செய்கிற வேளார் குடும்பங்கள் வாழும் ஊர். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகையில் அகல் விளக்கு, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் செட். நம் வீடுகளிலும் கோவில்களிலும் நாம் வைக்கிற பாலன் இயேசு, மாதா, சூசையப்பர் பலரும் அங்கே உருவானவர்கள்தாம். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. பிசைந்த களிமண்ணை அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டுகிறார்கள். செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் இந்து சகோதர சகோதரிகள். இன்று மாதாவுக்குக் கண் எழுதும் கை, இரண்டு மாதத்துக்கு முன் கொலுவில் இருக்கும் மீனாட்சிக்குக் கண் எழுதிய கை. எனக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. பெத்லகேமில் தொழுவம் வைத்திருந்தவரும் கிறிஸ்தவர் அல்லவே!

இந்தக் குடில் பழக்கம் பரவக் காரணமானவர் புனித அசிசி பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூர். கிறிஸ்து பிறப்புக்கு 15 நாள் முன்னதாகவே ஜான் என்ற நண்பரிடம் அவர் சொல்லி வைத்தார்: ஒரு தீவனத் தொட்டி வேண்டும், வைக்கோல் வேண்டும், ஒரு மாடும் ஒரு கழுதையும் வேண்டும். அவ்வளவுதான். பொம்மை ஒன்றுகூட அங்கே கிடையாது. அந்தத் தொட்டியை வைத்துத்தான் திருப்பலி நடந்தது. குருப்பட்டம் பெறாத பிரான்சிஸ், திருத்தொண்டராக நின்று நற்செய்தியைப் பாடினார். தீப்பந்தங்களோடு வந்து சுற்றி நின்ற ஊர்மக்களே அன்றைய இடையர்கள்.

அந்த ஊராரின் இடத்தில்தான் பின்னாளில் பொம்மைகள் வந்தன. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துக் கலைஞர்கள் தங்கள் சந்தைத் தெருவையே குடிலுக்குள் இறக்கிவிட்டார்கள். மீன் விற்கிறவரும் அங்கே உண்டு. 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றி ஒரு மடலில் கையெழுத்திட்டார். அதில் பிச்சைக்காரர், கொல்லர், ரொட்டி சுடுபவர், குடத்தில் தண்ணீர் சுமக்கும் பெண்கள், விளையாடும் பிள்ளைகள் என்று பெயர் சொல்லிச் சொல்லி, குடிலில் அவர்களுக்கு இடம் உண்டு என்கிறார்.

இனி நம் மதுரைக்கு வருவோம். நம் ஊர் சாயலில் கிறிஸ்துவைக் காட்டும் முயற்சி இங்கே பொம்மையில் தொடங்கவில்லை, உடுப்பில் தொடங்கியது. 1606-இல் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, அருள்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் ஏற்கெனவே இங்கே சிறு கோவில் வைத்து, கடற்கரையிலிருந்து வந்திருந்த பரதவர்களுக்குப் பணி செய்துகொண்டிருந்தார். உள்ளூர் மக்கள் அதைப் பரங்கி மார்க்கம் என்று சொல்லி ஒதுங்கிப் போனார்கள். நொபிலி காவி உடுத்தினார். மரப் பாதுகை அணிந்தார். மரக்கறி உணவு, அதுவும் ஒருவேளை. பிராமணர் வாழ்ந்த பகுதியில் மண் வீட்டில் குடியேறி, தமிழும் வடமொழியும் கற்றார். கோவில், பூசை, அருள், குரு என்ற சொற்களை நம் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்று நாம் திருப்பலி என்கிறோம். ஆனால் நம் பங்கில் பாட்டிமார் இன்னும் "பூசைக்குப் போறேன் சாமி" என்றுதான் சொல்கிறார்கள். 400 ஆண்டு பழைய சொல் அது.

இது பெரிய கொடை. அதற்குக் கொடுத்த விலையைத்தான் நாம் விழா மலர்களில் எழுதுவதில்லை. நொபிலியின் புதிய கிறிஸ்தவர்கள் பெர்னாண்டசின் கோவிலுக்குப் போகவில்லை. ஒரே ஊரில் ஒரே சபையின் இரு குருக்கள், இரு தெருக்கள். பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்தார். உயர்குலத்தார் என்போர் எளியவர்களை இகழக் கூடாது என்ற வேண்டுகோளும் அதே ஆணையில் இருக்கிறது. நாம் முதல் பாதியை வாசித்துவிட்டு, மறுபாதியை மடித்து வைத்துவிட்டோம். 1640 முதல் மற்றச் சாதியாருக்கென்று பண்டார சாமிகள் வந்தார்கள். பல்தசார் தா கோஸ்தா அவர்களில் முதல்வர். தடுப்பு வைத்த கோவில்களும் தனித்தனிக் கல்லறைகளும் தமிழகத் திருச்சபையின் வரலாறுதான். நொபிலி ஒருவர்மேல் பழி போடுவது நியாயமில்லை, சாதி அவருக்கு முன்பே இங்கே இருந்தது. ஆனாலும் மதுரைக்குள் நுழைந்தவர் எந்தத் தெருவில் குடியேறினார் என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நூறு ஆண்டு கழித்து வந்த வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை உடுத்தினார். அது எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. சேலை எல்லாத் தெருவிலும் கொடியில் காய்கிற துணி.

நான் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தேன். இளையோர் அந்த ஆண்டுக் குடிலில் எங்கள் தெருவையே கட்டினார்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், குழாயடி. இடையர்களுக்கு அருகில் துடைப்பத்தோடு ஒரு பெண், அட்டையில் வெட்டி வர்ணம் பூசியது. இரண்டாம் நாள் காலை அவளைக் காணவில்லை. விசாரித்தபோது பெரியவர் ஒருவர், "குடில்ல போயி குப்பை அள்ற பொம்பளையா, ஃபாதர்?" என்றார். விழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றேன். அந்த அட்டையை வெட்டிய பையனின் அம்மா தூய்மைப் பணியாளர் என்பது எனக்குத் தெரியும். திருக்காட்சி விழா வரை குடில் இருந்தது. அந்த இடம் காலியாகவே இருந்தது. நானும் பேசவில்லை. அடுத்த ஆண்டு குடில் கட்ட அவன் வரவில்லை.

சென்ற வாரம் விளாச்சேரிக்குப் போயிருந்தேன். துடைப்பம் பிடித்த பெண் பொம்மை ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதுக்கு அச்சு கிடையாதே சாமி. கையாலதான் பிடிக்கணும். முகம் எப்படி வேணும்? போட்டோ இருக்கா?"

என்னிடம் இல்லை.

"கார்த்திகை விளக்குச் சோலி முடியட்டும். போட்டோவோட வாங்க."

நம் கோவில் தெருவைக் கூட்டுகிற அம்மா காலை ஐந்தரைக்கு வருவார். இத்தனை நாள் எதிரெதிரே வணக்கம் சொல்லியிருக்கிறோம், அவர் பெயரை நான் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும். அவருக்குச் சம்மதம் என்றால்தான் போட்டோ.