செடியும் காற்றும் கதிரொளியும்

செடிகொடிகள் மண்ணையுண்டே வளர்கின்றன என்பது ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் நிலவிய கொள்கையாகும். அதனை நிறுத்துப் பார்த்துச் சோதித்தவர் பிரசெல்சு நகரத்தவரான வான் எல்மொன்ற் ஆவர். உலர்த்திய 200 இறாத்தல் மண்ணிலே, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மாத்திரம் வார்த்து வந்தார். ஐந்தாண்டுகளின்பின் மரம் 169 இறாத்தலாயிற்று. மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்சே குறைந்தது. மரமுழுதும் நீரினாலாயது என அவர் முடிவு கொண்டார். அவர் மறைந்தபின், 1648 இல், இச்சோதனை நூலில் வெளிவந்தது. விந்தை யாதெனின், கரி எரியும்போது எழும் ஆவியை ஆராய்ந்து 'காஸ்' என்னுஞ் சொல்லை ஆக்கியவரும் அவரே. அவ்வாவியே தம் மரத்துக்கு உணவாயிற்று என்பதை அவர் அறிந்திலர்.

அடுத்த படி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1771 ஓகத்து 17 ஆந் திகதி, யோசேப்பு பிறீஸ்ற்லி என்பவர், மெழுகுதிரி எரிந்து அவிந்த காற்றிலே புதினாக் கொத்தொன்றை வைத்தார். பத்து நாட்களின்பின் அக்காற்றில் வேறொரு திரி நன்கு எரிந்தது. உயிர்கள் மூச்சுவிட்டுக் கெடுக்குங் காற்றைச் செடிகள் திருத்துகின்றன என்பது இதனாற் புலப்பட்டது. 1773 இல் இலண்டன் றோயல் சங்கத்தார் அவருக்குக் கொப்பிலிப் பதக்கம் வழங்கினர். ஆயினும், சுவீடனில் ஷீலே செய்த சோதனைகளிற் செடிகள் காற்றைக் கெடுக்கவே கண்டார். பிறீஸ்ற்லி தாமே மீண்டுஞ் செய்தபோதும் முடிவுகள் ஒருபடித்தாய் அமையவில்லை. பெருங் கண்டுபிடிப்பொன்று கைநழுவும் நிலை எய்திற்று.

அதனைக் காத்தவர், வியன்னா அரசவை வைத்தியராயிருந்த ஒல்லாந்தர் இங்கன்கௌசு. 1779 ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டனுக்கு அண்மையிலுள்ள நாட்டுப்புற மனையொன்றிற் றங்கி, மூன்று மாதத்துக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். வெயிலில் வைத்த இலைகள் காற்றைத் திருத்தின. அவ்விலைகளே இருளிற் கெடுத்தன. பச்சையான பகுதிகளன்றி வேரும் பூவும் அத்தொழிலைச் செய்யவில்லை. ஞாயிற்றின் வெப்பமன்று, ஒளியே காரணமென அவர் தெளிந்தார். முன்னையோர் புதினாவை நோக்கினர். அது நின்ற இடத்தின் வெளிச்சத்தைக் கருத்திற்கொண்டிலர். எனவே, பதக்கம் பெற்றவரினும் இவருக்கே பெரும்பங்கு உரியதெனலாம்.

ஒளியிற் செடி உட்கொள்ளும் பொருள் காபனீரொட்சைட்டே என்பதற்கு செனெவாவில் செனெபியர் 1782 இல் வழிகாட்டினார். 1804 இல் தெ சொசூர், நீரும் செடியின் நிறையிற் சேர்வதை அளந்து காட்டினார். ஒளியின் சத்தியே செடியில் இரசாயனச் சத்தியாய்ச் சேமிக்கப்படுகின்றது என 1845 இல் மேயர் எடுத்துரைத்தார். சோற்றின் வலுவும், எருதின் உழைப்பும், அடுப்பின் விறகும், சுரங்கத்து நிலக்கரியும் முன்னொருநாட் பட்ட வெயிலே என்பது அப்பொழுதே விளங்கிற்று.

இலை வெளிவிடும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்தே பிரிகின்றதென்று பலரும் நெடுங்காலம் எண்ணினர். 1941 இல், அமெரிக்காவில் உறூபனும் கேமனும் அவருடன் உழைத்தோரும் நிறைகூடிய ஒட்சிசன் கலந்த நீரைப் பாசிக்கு ஊட்டிப் பார்த்தனர். வெளிவந்த வாயு, வான் எல்மொன்ற் வார்த்ததைப் போன்ற அந்நீரிலிருந்தே பிறந்திருந்தது.