பெங்களூர்ப் பிளேக்கும் ஊதாச் சாயமும்

1864 ஆகஸ்டு முதல் நாள் ஜோலார்ப்பேட்டைக்கும் பெங்களூர்த் தண்டுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. அவ்விருப்புப்பாதை வழியே நம் முன்னோர் பலர் பிழைப்பு நாடி இந்நகர் சேர்ந்தனர். ஆயின் புகைவண்டி மாந்தரை மட்டும் ஏற்றி வருவதன்று. 1896இல் பம்பாயைப் பற்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், ஹூப்ளியிலிருந்து ரயிலேறி 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள்ளும் புகுந்தது.

நகரம் நடுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; பலர் வீடு துறந்து ஓடினர். நிலையங்களில் பயணிகள் சோதிக்கப்பட்டனர். ஐயத்துக்கு உரியோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களில் அஞ்சாது தொண்டாற்றியவர்களுள் டாக்டர் பல்புவும் ஒருவர். நெருக்கமின்றி மக்கள் வாழ வேண்டி மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன.

அந்நாளில் யாவரையும் வாட்டிய வினா ஒன்றே: இவருக்கு வந்திருப்பது பிளேக்கா, வெறுங்காய்ச்சலா? தவறாக ஐயுற்றால் குடும்பம் பிரியும். தவறவிட்டால் தெருவே அழியும். ஐயத்தை அகற்றச் சான்று வேண்டும்.

அச்சான்றைத் தேட உதவும் ஒரு வழி பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே பிறந்திருந்தது. 1884இல் பெர்லின் நகரில், ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டேனிஷ் மருத்துவர், நுரையீரல் அழற்சியால் இறந்தோரின் நுரையீரலை ஆராய்ந்தார். கிருமிகளுக்கு ஊதாச் சாயமேற்றி, அயோடின் கரைசலில் நனைத்து, ஆல்கஹாலால் கழுவினார். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாது பற்றி நின்றன, சில இழந்தன. தடித்த சுவருடையவை சாயத்தைப் பற்றுகின்றன. மெல்லிய சுவருடையவை இழக்கின்றன. நிறமிழந்தவற்றுக்குச் சிவப்புச் சாயமேற்றுவது பின்னர் வந்த வழக்கம்.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைத் தேடிய யெர்சின், அது கிராம் சாயத்தைப் பற்றுவதில்லை எனத் தெளிவாகக் குறித்தார். அங்கேயே ஆராய்ந்த கிடாசாட்டோவின் குறிப்போ இவ்விடத்தில் தெளிவற்றிருந்தது. யெர்சின் கூற்றே சரியென நிலைத்தது. கிருமியும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

இச்சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ரயில்வே பார்சல் அறையில் மூட்டைகளை முதலில் 'அப்', 'டவுன்' எனப் பிரிக்கிறோம். சேருமூர் எதுவென்று பின்னரே பார்க்கிறோம். அதுபோலக் கிராம் சோதனையும் கிருமிகளை இரு கூறாக்கி, உருண்டையா கோலா என வடிவத்தையும் காட்டும். கிருமியின் பெயரறிய, அதை வளர்த்துப் பார்த்தல் முதலிய சோதனைகள் வேண்டும். அவற்றுக்கு நாட்கள் ஆகும். சளியிலும் சீழிலும் முதுகுத்தண்டு நீரிலும் சில நிமிடங்களில் கிடைக்கும் இம்முதற்குறிப்போ, தக்க மருந்தை உடனே தொடங்க மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. உயிர் காக்கும் நேரம் அதுவே.

தம் முறை குறையுடையது என்றே கிராம் எழுதினார். பிறர் கையிலேனும் அது பயன்படுமென நம்பினார். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆகவே அன்பர்களே, காய்ச்சல் கண்டதும் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை விழுங்காது, மருத்துவர் சொற்படி முதலில் சோதனைக்குக் கொடுப்போமாக. முந்திய மருந்து கிருமியை மறைத்துவிடும். அன்று நம் முன்னோர்க்குக் கிட்டாத சான்று இன்று நமக்குக் கிட்டுகிறது. அதை நாமே அழித்துவிடலாகாது.