குன்னூரின் தராசு: இந்திய ஊட்டச்சத்து ஆய்வில் அளந்ததும் அளக்காததும்

1918ஆம் ஆண்டு. நீலகிரி மலையில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்னும் இராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த விசாரணையைத் தொடங்கினார். இந்தியாவில் அரசுப் பணத்தில் நடைபெற்ற ஊட்டச்சத்து ஆய்வின் வரலாறு பெரும்பாலும் இந்த அறையிலிருந்தே எழுதப்படுகிறது. அந்த அறை பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. ஆனால் இவ்வரலாற்றைச் சாதனைப் பட்டியலாக மட்டும் வாசித்தால் அதன் முதன்மையான பாடம் நழுவிவிடும். மக்கள் உண்மையில் என்ன உண்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து அளந்த காலங்களில் இந்த ஆய்வு வலுப்பெற்றது. அளவை நின்ற காலங்களில் கொள்கை ஊகத்தின் மீது நின்றது.

முதல் நிறுத்தம் மிக விரைவிலேயே வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில், இஞ்ச்கேப் பிரபு தலைமையிலான குழு அரசுச் செலவுகளைக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1923இல் குன்னூர் விசாரணை சிக்கனத்தின் பெயரால் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்தே மீண்டும் உயிர்பெற்றது. உணவு ஆய்வு, தேவைப்படும்போது திறந்து, வேண்டாதபோது மூடத்தக்க ஒரு கணக்குத் தலைப்பாகவே அரசின் கண்ணுக்குத் தெரிந்தது என்பதற்கு இதுவே முதல் சான்று.

மீண்டு வந்த ஆய்வுக்கூடத்தில் மெக்கரிசன் நடத்திய எலிச் சோதனைகள் உலகப் புகழ் பெற்றன. இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகள் எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டப்பட்டன. கோதுமை, பால், வெண்ணெய், காய்கறி அடங்கிய வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் செழித்தன. வங்காளம், சென்னை மாகாணம் ஆகியவற்றின் அரிசி உணவை உண்டவை நலிந்தன. உணவின் தரம் உடலைத் தீர்மானிக்கிறது என்ற முடிவு சரியானதே. ஆனால் ‘சீக்கியர் உணவு’, ‘மதராசி உணவு’ என்று இனப்பெயரிட்டு வகுத்தபோது, ஒரே ஊரில் நிலக்கிழாரும் கூலியாளும் ஒரே உணவையா உண்கிறார்கள் என்ற கேள்வி மறைந்துபோனது. அரிசி உண்பவருக்குப் பால் ஏன் எட்டவில்லை என்பதற்குக் கூண்டுக்குள் விடை இல்லை.

1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட் தராசை ஆய்வுக்கூடத்திலிருந்து கிராமத்து அடுக்களைக்கு எடுத்துச் சென்றார். தென்னிந்தியக் கிராமங்களில், சமைப்பதற்கு முன் வீட்டில் உள்ள தானியமும் பருப்பும் எடைபோடப்பட்டன. இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்பைத் தொகுத்த சிறு நூல் 1937இல் ‘சுகாதார அறிக்கை எண் 23’ ஆக வெளிவந்தது. அரிசியைப் பற்றிய ஆய்வுகள் இன்றும் நினைவுகூரத்தக்கவை. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவரிடையே பெரிபெரி காணப்பட்டது; புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும், களைந்து கழுநீரை ஊற்றினாலும், கஞ்சி வடித்தாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசி, புழுங்கலரிசி என்று தமிழ் நெடுங்காலமாகப் பிரித்து வழங்கிய இரு சொற்களுக்கு இடையிலான வேறுபாடு இவ்வாறு வேதியியல் மொழியில் எழுதப்பட்டது.

ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்ததும் இதே உண்மை வேறு வடிவில் வெளிப்பட்டது. பெலாக்ரா என்னும் தோல் நோய் உலகெங்கும் மக்காச்சோளம் உண்போரின் நோயாக அறியப்பட்டிருந்தது. தக்காணத்திலோ மக்காச்சோளத்தை அல்லாமல் சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளிடம் அது காணப்பட்டது. 1960இல் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். அக்கருத்து பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. எனினும் அக்கேள்வி எழுந்ததற்கே காரணம், ஆய்வுக்கூடம் சோளம் உண்ணும் மக்களின் அருகில் இருந்தமைதான்.

அளவையின் அரசியல் மதிப்பு மிகத் தெளிவாகப் புலப்பட்டது புரத விவாதத்தில். 1968இல் ஐக்கிய நாடுகள் அவை, வளரும் நாடுகளைப் புரத நெருக்கடி சூழ்ந்து வருவதாக எச்சரித்தது. புரதம் செறிந்த சிறப்பு உணவுகளைத் தயாரித்து வழங்குவதே தீர்வு என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது. கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தியக் குழந்தைகளின் உணவுத் தரவுகளைக் கொண்டு இதற்கு மறுப்புச் சொன்னார்கள். தானியமும் பருப்பும் சேர்ந்த வழக்கமான உணவு வயிறு நிறையக் கிடைத்தால், பெரும்பாலான குழந்தைகளின் புரதத் தேவை அதிலேயே நிறைவேறிவிடும். முதன்மையான குறை உணவின் அளவில், அதாவது கலோரியில் இருக்கிறது என்று காட்டினார்கள். உலகக் கருத்தை எதிர்த்து நிற்கும் துணிவு அவர்களுக்குத் தம் நாட்டு அடுக்களைகளின் எடைக்கணக்கிலிருந்து வந்தது.

அந்தக் கணக்கை நிரந்தரமாக்கவே 1972இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் நிறுவப்பட்டது. வீட்டில் சமைக்கும் பொருள்களை எடைபோடுதல், ஒவ்வொருவரும் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டறிதல், உயரமும் எடையும் அளத்தல் என அதன் முறை பொறுமையானது, செலவு மிக்கது. அதன் குறைகளும் வெளிப்படையானவை. அது பணியாற்றியது ஏறத்தாழ பத்து மாநிலங்களில் மட்டுமே. பீகாரும் இராஜஸ்தானும் வடகிழக்கும் அதன் வட்டத்துக்கு வெளியே இருந்தன. இருந்தும், இந்தியர் எவ்வளவு உண்கிறார்கள் என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுத் தொடர்ச்சியுள்ள விடை அதனிடம் இருந்தது. விரிவாக்கப்பட வேண்டிய அப்பணியகம் 2015இல் மூடப்பட்டது. 1923 மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை இரண்டு ஆண்டுகளில் கதவு திறக்கவில்லை.

அதன் இடத்தை வேறு கணக்கெடுப்புகள் நிரப்பிவிட்டன என்று கருத இயலாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு உயரம், எடை ஆகியவற்றை அளக்கிறது; எந்த உணவு வகைகள் உண்ணப்பட்டன என்று கேட்கிறது; எத்தனை கிராம் என்று கேட்பதில்லை. குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வீட்டுக்குள் வந்த உணவைச் சொல்லும். அது கணவன், மனைவி, மகள் ஆகியோரின் தட்டுகளில் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று சொல்லாது. அதிலும் 2011–12க்கும் 2022–23க்கும் இடையே வெளியான தரவு இல்லை. 2017–18 முடிவுகள் வெளியிடப்படாமலே கைவிடப்பட்டன. குழந்தைகளின் இரத்தத்திலுள்ள நுண்சத்துக்களை நாடளாவிய அளவில் அளந்த 2016–18 கணக்கெடுப்பு அரசின் பெயரில் நடைபெற்றது. ஆனால் அதற்கான நிதியுதவி ஒரு தொழிலதிபர் குடும்பத்தின் கொடையாக வந்தது. அக்கொடை பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுத்த சுற்று எப்போது என்று கேட்கும் உரிமை கொடையில் இல்லை.

இவ்விடைவெளியின் விலை சிறிதன்று. 2021இல் அறிவிக்கப்பட்ட செறிவூட்டிய அரிசித் திட்டம் பொது விநியோகத்தின் வழியாகக் கோடிக்கணக்கானோரின் தட்டை அடைந்தது. நாட்டின் இரத்தசோகையில் எத்தனை பங்கு இரும்புச்சத்துக் குறைவால் விளைகிறது, மக்கள் அன்றாட உணவிலிருந்து எவ்வளவு இரும்பைப் பெறுகிறார்கள் என்ற இரு கேள்விகளையும் இத்திட்டம் எழுப்புகிறது. இரண்டாவது கேள்வியே கண்காணிப்புப் பணியகத்தின் அன்றாட வேலையாக இருந்தது.

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. 2017இல் வெளியான இந்திய உணவுக் கூறு அட்டவணை, நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்துத் திரட்டிய 528 உணவுப்பொருள்களின் 151 கூறுகளைப் பதிவு செய்திருக்கிறது. உணவுப்பெயர்களை இந்திய மொழிகளிலும் தருகிறது. 1937இன் சிறுநூலிலிருந்து இது நெடுந்தொலைவு. ஆனால் அட்டவணை மூலப்பொருளின் சத்தைச் சொல்கிறது; நொதித்த மாவும், இரவு முழுதும் ஊறிய பழையசோறும், ஒவ்வொரு வட்டாரத்திலும் வெவ்வேறு பெயரில் வழங்கும் கீரையும் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. இங்கே வேதியியலாளருடன் தாவரவியலாளரும் மொழியியலாளரும் சேர்ந்து பணியாற்ற இடமுண்டு. ஒரே பெயரில் இரு கீரைகளும், ஒரே கீரைக்கு நான்கு பெயர்களும் வழங்கும் நாட்டில், பெயர் பிழைத்தால் சத்துக் கணக்கும் பிழைக்கும்.

அளவையை மீட்டெடுக்கத் தேவையான மனிதவளமும் சிதறிக் கிடக்கிறது. டெல்லியின் லேடி இர்வின் கல்லூரி 1932இலிருந்து மனையியல் கற்பிக்கிறது. இன்று நாடெங்கும் மனையியல் துறைகளும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளும், வேளாண் பல்கலைக்கழகங்களும் உள்ளன. ஒரே முறையில் பயிற்சி பெற்று, ஒரே கருவிகளைக் கொண்டு, மாவட்டந்தோறும் சில நூறு வீடுகளின் உணவை ஆண்டுதோறும் அளக்க இவற்றால் இயலும். 1975 முதல் இயங்கிவரும் அங்கன்வாடிகள் குழந்தைகளின் எடையை ஏற்கெனவே பதிகின்றன. அருகில் தட்டின் அளவும் பதிவானால், எடை ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கலாம். பழைய பணியகத்தின் தரவுகள் முழுமையாகப் பொதுவெளிக்கு வந்தால், புதிய அளவை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கும் ஆய்வு ஆய்விதழ்களில் புகழ் பெறுவதில்லை. சந்தைக்கு விற்பனைப் பொருளும் தருவதில்லை. ஆகவே தனியார் அதனை மேற்கொள்வது அரிது. பொதுப்பணம் ஏற்க வேண்டிய கடமை அது. குன்னூரின் ஓர் அறையில் தொடங்கிய வேலை, அய்க்ராய்டின் தராசு கிராமத்து அடுக்களைக்குச் சென்றபோதுதான் மக்களுக்கு உரியதாயிற்று. அந்தத் தராசு இன்று எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே ஊட்டச்சத்துக் கொள்கையை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.