குளிசை ஒன்று, கணக்குகள் பல

1933 பெப்ரவரிப் பனிப்புயலுக்குள்ளே அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வண்டியில் செத்த கிடேரி ஒன்றும், பால்கேனில் உறையாத இரத்தமும், நூறு இறாத்தல் அளவு கெட்டுப்போன புல்லும் இருந்தன. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள், சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புல்லில் இருந்த பொருளைத் தேடிப் புறப்பட்டவர் கார்ல் போல் லிங்க் என்ற இரசாயனவியலாளர். 1939இல் அவருடைய ஆய்வுகூடம் டைகுமரோல் என்ற அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்பரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் சாக வேண்டுமென்று அதைத் தின்றார். வைத்தியர்கள் விற்றமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். அளவோடு கொடுத்தால் மனிதருக்கும் ஆகும், மிஞ்சினால் மாற்றுமருந்தும் கையில் உண்டு என்ற துணிவு அதன்பிறகு வலுத்தது. 1954இல் அது இரத்தம் கட்டியாக உறைவதைத் தடுக்க மனிதருக்கான மருந்தாயிற்று.

எங்கள் இலங்கையில் வார்பரின் போன்ற மருந்தைக் கம்பனிப் பெயரால் அன்றி அதன் பொதுப்பெயரால் வாங்கும் வழியைத் திறந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். வெள்ளவத்தையில் காலி வீதிப் பார்மசியிலோ அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடையிலோ சீட்டை நீட்டி இப்படியான குளிசைகளைக் கட்டுப்படியான விலைக்கு வாங்க முடிவதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நாங்கள் போதியளவு நினைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வார்பரின் எழுதப்படுவது பெரும்பாலும் இதயத்துக்காக. வாதக்காய்ச்சலால் வால்வு பழுதாகிச் செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்ட பிள்ளை, பிறவி இதயக் குறைக்குச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளை, கவசாக்கி நோயால் இதயத் தமனி பெரிதாக வீங்கிய பிள்ளை என்று பலர். பொரளை சிறுவர் வைத்தியசாலை கிளினிக்குக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற தாய்க்கும் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி வருகிற தாய்க்கும் ஒரே கவலைதான்: இந்த முறை ஐ.என்.ஆர். எவ்வளவு? இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை வைத்துக் கணிக்கும் எண் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூட. கீழே போனால் கட்டி உறையும், மேலே போனால் இரத்தம் கசியும்.

அந்த எண் பிழைக்கவும் கூடும். இதற்கான இரத்தம் எடுப்பது நீல மூடிக் குழாயில். அதற்குள் உறையாமல் தடுக்கும் சிற்றேட் திரவம் முன்கூட்டியே இருக்கிறது, ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில். அழுகிற பிள்ளையின் மெல்லிய நாளத்திலிருந்து அரைக் குழாய் மட்டும் வந்தால் திரவம் மிஞ்சி, ஐ.என்.ஆர். உள்ளதைவிடக் கூடக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. கோடு வரை நிரம்பியதா என்று பார்க்கும் தாதியின் கண் அவ்வளவு பெறுமதியானது.

அடுத்த சிக்கல் குளிசையே. அது பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. உடல் நிறைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் தேவைப்படும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 0.1 போதும். தாய்ப்பாலில் விற்றமின் கே மிகக் குறைவு, மா பாலில் அதிகம். அதனால் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு மருந்து சுருக்கென்று ஏறும். மா பாலுக்கு மாறினால் அதே அளவு போதாமற் போகும். பாலை மாற்றுவதும் மருந்தை மாற்றுவது போலத்தான், கிளினிக்குக்குச் சொல்லிவிட்டே செய்யவேண்டும்.

குளிசையில் ஒரு பங்கை மட்டும், உதாரணமாக மொத்தம் 0.3 மில்லிகிராமை, எப்படிக் கொடுப்பது? கத்தியால் நறுக்கினால் துண்டுகள் சமனாக வராது. 1 மில்லிகிராம் குளிசையை 10 மில்லிலீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் 3 மில்லிலீற்றர் எடுத்துக் கொடுத்து, மிச்சத்தை உடனே கொட்டிவிடுவது ஒரு முறை. உங்கள் வைத்தியசாலை வேறு கணக்குச் சொன்னால் அதுதான் உங்கள் கணக்கு. தேக்கரண்டி உதவாது. நிறத்தையும் நம்பவேண்டாம். பிரித்தானிய முறையில் 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு என்றாலும் எல்லாக் கம்பனிகளும் அப்படிச் செய்வதில்லை. 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், கிடைத்ததை வாங்கும் நாளில் பெட்டி மாறும். அப்போது பெட்டியில் மில்லிகிராமை வாசித்து, ஐ.என்.ஆரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. குளிசையைப் பின்னேரம் ஒரே நேரத்தில் கொடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் வல்லாரையும் முருங்கை இலையும் பொன்னாங்காணியும் விற்றமின் கே நிறைந்தவை. பயந்து நிறுத்தத் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு தரம் வறையோ சம்பலோ என்றால் எப்போதும் அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் இலைக்கஞ்சியும் மறுமாதம் வெறும் சோறும் என்று ஆடினால் எண்ணும் ஆடும். இருமல், வயிற்றோட்டம் என்று அன்ரிபயோட்டிக் எழுதும் எந்த வைத்தியரிடமும் வார்பரின் என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். அஸ்பிரினும் இபுப்ரூபனும் நிபுணர் சொன்னாலன்றி வேண்டாம். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு நினைவுக்கு வரவேண்டும். இரத்தவட்டுகள் குறையும் அந்த நோயோடு இந்தக் குளிசையும் சேர்ந்தால் கசிவு கட்டுக்கடங்காது. மற்றப் பிள்ளைகளுக்குப் போல இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்க முடியாது. முதல் நாளே வைத்தியசாலை.

2021இல் டபிகட்ரான், ரிவரோக்சபன் என்ற புதிய மருந்துகளுக்கு அமெரிக்கா பிள்ளைகளுக்கும் அனுமதி அளித்தது. ரிவரோக்சபனைத் திரவமாகவும் கொடுக்கலாம், அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கும் தேவையும் இல்லை. ஆனால் உலோக வால்வு வைத்த பெரியவர்களிடம் டபிகட்ரானைச் சோதித்த ஆய்வு 2012இல் இடைநிறுத்தப்பட்டது. கட்டி உறைதலும் இரத்தக் கசிவும் வார்பரினைவிடக் கூடுதலாக வந்தன. ஆகவே உலோக வால்வோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இன்றைக்கும் வார்பரின்தான். நீல மூடிக் குழாயும் கொப்பியும் அதனோடேயே போகும்.