துணைநகரும் உறைவுரிமையும்: பெட்டாலிங் ஜெயாவின் உருவாக்கம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மக்கள் நெருக்கம் மிகுந்த ஒரு நகருக்கு அருகே, ஒரே நிருவாகத்தின் கையிலுள்ள நிலத்தில், குடியேறுவோர் வருமுன்பே வரையப்பட்ட வரைபடத்தின்படி எழுப்பப்படும் ஊரைத் துணைநகர் என்று இக்கட்டுரையில் வழங்குகிறோம். இவ்வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன: நிலம் ஒரே கையில் இருத்தல், வரைபடம் குடிவரவுக்கு முந்தியதாக இருத்தல், தாய்நகரோடு அன்றாடத் தொடர்பு அறாதிருத்தல். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையெனில் அது தனிநகர். மூன்றாவது மட்டும் இருந்தால் அது புறநகர்.

கோலாலம்பூருக்குத் தென்மேற்கே, கிள்ளான் செல்லும் வழியில் 1952 முதல் உருவான பெட்டாலிங் ஜெயா இவ்வரையறைக்கு முழுதும் பொருந்துகிறது. அதன் கட்டடங்களையோ சாலைகளையோ விவரிப்பது நம் நோக்கமன்று. ஒருவர் ஓரிடத்தில் வாழ்வதற்கு எதன் பேரில் உரிமை பெறுகிறார் என்பதையே ஆராய்கிறோம். இவ்வுரிமையை உறைவுரிமை எனக் குறிப்போம். பெட்டாலிங் ஜெயா கொண்டுவந்த புதுமை வீட்டின் வடிவத்தைவிட உறைவுரிமையின் அடிப்படையிலேயே மிகுதியாக இருந்தது என்பது நம் துணிபு.

2. உறைவுரிமையின் மூவகை

கிள்ளான் பள்ளத்தாக்கில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புகள் பெட்டாலிங் ஜெயாவுக்கு முன்பும் இருந்தன. அவற்றை உறைவுரிமையின் அடிப்படையில் வகுத்துக்கொள்வது பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

முதல் வகை பணிசார் உறைவு. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே, அரசுப் பணியாளர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பகுதியில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் மலையாளிகளுமாக அங்கே உருவான சமூகம் கோயில், ஆசிரமம், கடைத்தெரு என ஆழ வேரூன்றிய ஒன்று. ஆனால் அந்த வேர் எவருடைய பெயரிலும் பதிவாகாத மண்ணில் இருந்தது. ஓய்வு பெற்றவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவ்வீடுகள் இன்று இடிக்கப்பட்டுவிட்டன. அருகிருந்த ரயில் நிறுத்துமிடத்தின் மீது 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் எழுந்தது. ரப்பர்த் தோட்டத்து லயமும் பணிசார் உறைவே. குவார்ட்டர்ஸுக்கும் லயத்துக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. சட்ட நிலையில் வேறுபாடு மிகக் குறைவு.

இரண்டாம் வகை காவல்சார் உறைவு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் நிலப்பட்டா இன்றிப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவும் செய்தியும் தருவதாக அரசு கருதியது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியும் ஊரடங்கும் சூழ்ந்த புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். இன்று பெட்டாலிங் ஜெயாவின் எல்லைக்குள் இருக்கும் சுங்கைவே அவற்றுள் ஒன்று. வரைபடம் போட்டு, வீதி வகுத்து அமைத்தவையே இவையும். ஆயினும் அந்த வரைபடத்தை வரையச் செய்தது பாதுகாப்புக் கணக்கு.

மூன்றாம் வகை மனைசார் உறைவு. குறித்த அளவுள்ள மனை, குறித்த காலத்துக்கு, குறித்த தொகைக்கு ஒருவர் பெயரில் பதிவாகிறது. அவர் எங்கே வேலை செய்கிறார், எவ்வினத்தவர், எந்த அரசியலுக்கு அனுதாபி என்பவை உறைவுரிமையைத் தொடுவதில்லை. இவ்வகையைப் பெருமளவில், ஒரு முழு நகரின் அடிப்படையாக வைத்த முதல் முயற்சி இந்நாட்டில் பெட்டாலிங் ஜெயாவே.

3. காரணங்கள்

காரணங்களை நெருக்கக் காரணம், அச்சக் காரணம், கருத்துக் காரணம் என மூன்றாகக் கொள்வோம்.

நெருக்கக் காரணம் எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 1947இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 76 ஆயிரமாக இருந்த கோலாலம்பூரின் மக்கள்தொகை 1957இல் 3 இலட்சத்து 16 ஆயிரமானது. போர்க்காலத்தில் வீடுகள் எழவில்லை. போருக்குப் பின் ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். நகருக்குள் ஆற்றங்கரை, ரயில் ஓரம், கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலம் எனக் கிடைத்த இடமெல்லாம் புறம்போக்குக் குடியிருப்புகள் பெருகின.

அச்சக் காரணத்தை மேலே கண்டோம். நாட்டுப்புறத்துப் புறம்போக்குவாசிகளை வேலிக்குள் அடைத்த அரசுக்கு, தலைநகரின் நடுவிலேயே பட்டா இன்றி வாழ்ந்தோரை வேறு முறையில் கையாள வேண்டியிருந்தது. நகரத் தொழிலாளியை முள்வேலிக்குள் வைத்தால் நகரம் இயங்காது. ஆகவே அவருக்கு மனை தருவது என்ற முடிவு பிறந்தது. இம்முடிவில் அருளும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டில் எது முந்தியது என வழக்காடுவதில் பயனில்லை.

கருத்துக் காரணம் பழையது. எபனேசர் ஹோவர்டு 1898இல் முன்வைத்த தோட்டநகர்க் கொள்கை, 1903இல் தொடங்கிய லெட்ச்வொர்த், 1946இல் பிரிட்டன் இயற்றிய புதுநகர்ச் சட்டம் ஆகிய மூன்றையும் அறிந்த அதிகாரிகளே மலாயாவை ஆண்டனர். நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட் 1921இல் கூட்டு மலாய் நாடுகளின் முதல் அரசு நகரமைப்பாளராகி இக்கொள்கையை இங்கே நட்டார். ஆனால் ஒரு முழு நகரை அடியிலிருந்து அமைக்கும் வாய்ப்பு அவர் காலத்தில் வரவில்லை.

4. வளர்ச்சிப் படிகள்

முதற்படி, குடிபெயர்ப்பு. 1952இல் எபிங்ஹாம் எனும் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர், அதாவது 5 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நிலம், புதிய ஊருக்கென எடுக்கப்பட்டது. இன்று பழைய டவுன் எனப்படும் பகுதியில் முதலில் 800 வீடுகள் எழுந்தன. 1957க்குள் வீடுகள் 3,200ஐக் கடந்தன, கடைகளோ 28தாம். இவ்விரு எண்களையும் சேர்த்து நோக்கினால் அன்றைய ஊரின் இயல்பு விளங்கும். உறங்குவதற்கு வீடு இருந்தது. உப்புக்கும் புளிக்கும், உழைப்புக்கும் கோலாலம்பூரையே நம்பியிருந்தனர். இத்தகைய ஊரை உறங்குநகர் எனலாம். 1954இல் நிருவாகத்துக்கெனத் தனி அமைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கிய மருத்துவப் பணி பின்னாளில் அசுந்தா மருத்துவமனையாக வளர்ந்தது.

இரண்டாம் படி, தொழிலேற்பு. நகரின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை என்பது நம் கருத்து. 1958இன் முன்னோடித் தொழில் சட்டம் புதிய ஆலைகளுக்கு வரிவிலக்குத் தந்தது. வரைபடத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த தொழில் நிலம் அவற்றை ஏற்கக் காத்திருந்தது. செக்‌ஷன் 13, செக்‌ஷன் 51 போன்ற பகுதிகளில் ஆலைகள் வந்தன. கூட்டரசு நெடுஞ்சாலை அவற்றை ஒருபுறம் தலைநகரோடும் மறுபுறம் கிள்ளான் துறைமுகத்தோடும் இணைத்தது. 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகம் நகரின் கிழக்கு எல்லையை ஒட்டி அமைந்தது. உறங்குநகர் தன்னுள்ளேயே வேலை தரும் நகராயிற்று. 1957இல் ஏறத்தாழ 16,600 ஆக இருந்த மக்கள்தொகை 1970இல் 93,000ஐ எட்டியது.

வேலை வந்தபோது ஆளும் மாறினார் என்பதை இங்கே கருத வேண்டும். ஆலை மேலாளர், விரிவுரையாளர், அரசு எழுத்தர், ஆசிரியர் ஆகியோர் இடம் தேடினர். மனைசார் உறைவு அவர்களுக்கும் திறந்திருந்தது. அதுதான் அதன் இயல்பு. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ஓய்வுக்காலத்தை எண்ணிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாத ஒரு வீடு முதன்முறையாகக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. மலேசியத் தமிழ் நடுத்தர வகுப்பின் வரலாற்றை எழுதுவோர் இந்தச் சிறு இடப்பெயர்ச்சிக்கு உரிய இடம் தந்ததாகத் தெரியவில்லை. தொடர்ந்து தனியார் நிறுவனங்களும் வீடமைப்பில் இறங்கின. சீ பார்க், பாரமவுண்ட் கார்டன் போன்றவை சம்பளக்காரரைக் கருதிக் கட்டப்பட்டவை. 1964இல் உருவான சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகமும் இப்பணியில் சேர்ந்தது.

மூன்றாம் படி, நிருவாக வளர்ச்சி. இதை விரைந்து கடக்கலாம். 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தபோது தாய்நகரும் துணைநகரும் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் வந்தன. 1977இல் நகராண்மைக் கழகம், 2006 ஜூன் 20இல் மாநகர் தகுதி. 1998இல் எல்ஆர்டி ரயில் வந்தபோது தாமான் ஜெயா, ஆசியா ஜெயா, தாமான் பாரமவுண்ட் என நகரின் உட்பகுதிகள் நிலையப் பெயர்களாயின. மாநகரின் பரப்பு இன்று 97 சதுர கிலோமீட்டர். தொடக்க நிலத்தைப்போல் இருபது மடங்கு. மக்கள்தொகை 7 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

5. அண்டையலகும் எண்முறையும்

தொடக்கப்பள்ளி, கடைவரிசை, திடல் ஆகியவற்றை நடந்தே அடையத்தக்க அளவில் அமையும் குடியிருப்புத் தொகுதியை அண்டையலகு என்போம். கிளாரன்ஸ் பெர்ரி எனும் அமெரிக்கர் 1929இல் முறைப்படுத்திய கருத்து இது. பெட்டாலிங் ஜெயாவின் ‘செக்‌ஷன்’ இதன் உள்ளூர் வடிவம். சாலைகளுக்குப் பெயரிடாமல் எண்ணிட்டனர்: ஜாலான் 17/1 எனில் பதினேழாம் செக்‌ஷனின் முதற்சாலை. பின்னர் நகர் பரந்தபோது சுங்கைவே–சுபாங் பகுதிக்கு எஸ்எஸ், தெற்குக்கு பிஜேஎஸ், வடக்குக்கு பிஜேயூ என முன்னெழுத்துகள் சேர்ந்தன. ஒரு முகவரியைப் படித்தாலே அந்தப் பகுதி முதல் வரைபடத்தைச் சேர்ந்ததா பிற்சேர்க்கையா என்று அறியலாம். புதிதாக வருவோர் 17/12க்கும் 17/21க்கும் இடையே அலைவதுண்டு. முறையின் குற்றம் அன்று அது. இம்முறை வரிசைப்படுத்த விரும்பியது மனைகளை, வழிப்போக்கரை அன்று.

6. விளிம்பு

மனைசார் உறைவின் வலிமை எதுவோ அதுவே அதன் வரம்பு. பெயரில் மனை உள்ளவர் எவராயினும் அதற்குள் வரலாம். பெயரில் மனை இல்லாதவர், அந்த மண்ணில் எத்தனை தலைமுறை வாழ்ந்திருப்பினும், அதன் கண்ணுக்குப் புலப்படமாட்டார்.

நிலப்படத்தில் தோட்டம் ஒரே நிறத்தில் தீட்டிய வெற்றிடம்போல் தோன்றும். உண்மையில் அங்கே லயங்கள் இருந்தன, மாரியம்மன் கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது. இவை யாவும் பணிசார் உறைவின் மேல் நின்றவை. தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோது பால்வெட்டுத் தொழிலாளி ஒரே நாளில் வேலையையும் வீட்டையும் இழந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததால் ஒன்றோடு மற்றொன்றும் சென்றது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் இதை நாடளாவிய துயரமாக்கியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. நம் வகைப்பாட்டின்படி, பணிசார் உறைவை மனைசார் உறைவாக மாற்ற உள்ளிருந்தே எழுந்த ஒரே பெருமுயற்சி அது. எனினும் கூட்டுறவுப் பங்கு என்பது நிலத்தின் ஒரு பின்னம். தனிமனையின் பட்டா அன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்மாற்றம் அடுத்தடுத்து நிகழ்ந்தது. சீபீல்ட் தோட்டம் 1970களின் நடுவிலிருந்து சுபாங் ஜெயா ஆயிற்று. பள்ளிகள் மட்டும் தோட்டப் பெயர்களைச் சுமந்து நின்றன. சீபீல்ட் தமிழ்ப்பள்ளி, சீபோர்ட் தமிழ்ப்பள்ளி, பண்டார் உத்தாமாவிலுள்ள எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் பெயர்ப்பலகைகள், நகர வரைபடம் அழித்துவிட்ட ஒரு நிலப்பதிவேட்டின் எஞ்சிய பக்கங்கள்.

தோட்டங்களிலிருந்து வெளியேறியோர் பலர் நகரத்து வேலையை நாடி வந்து பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்கு நிலங்களில் குடிசை கட்டினர். கம்போங் மேடான், கம்போங் காந்தி முதலியவை அவ்வாறு அடர்ந்தவை. புறம்போக்குவாசிகளுக்கு மனை தருவதற்கென்றே பிறந்த நகரின் தெற்கு விளிம்பில், அரை நூற்றாண்டுக்குள் புதிய புறம்போக்குவாசிகள் நிறைந்தனர். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் மூண்ட வன்செயலில் 6 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் ஏழை இந்தியர். அதனை இனப்பகை என்று மட்டும் விளக்குவோர் அங்கு வாழ்ந்தோரின் உறைவுநிலையைக் கருதத் தவறுகின்றனர். நெரிசலும் வறுமையும், நாளை இங்கே இருப்போமா என்ற ஐயமும் அங்கே எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருந்தன.

7. காலவரையறை

மனைசார் உறைவைக் குறித்த காலத்துக்குரியது என்று தொடக்கத்தில் வரையறுத்தோம். அந்தச் சொற்றொடர் இப்போது கனக்கத் தொடங்கியுள்ளது. பெட்டாலிங் ஜெயாவின் மனைகளுள் பெரும்பகுதி 99 ஆண்டுக் குத்தகை நிலம். தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசு காலவரம்போடு வழங்கும் நிலத்துக்கு அதுவே உச்ச அளவு. 1950களிலும் 60களிலும் பதிவானவை 2050களிலும் 60களிலும் முடியும். எஞ்சிய காலம் குறையக் குறைய வங்கிக் கடன் அரிதாகிறது. பெற்றோர் மறைந்தபின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிய பிள்ளைகள் புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்கின்றனர். செலுத்தவேண்டிய பிரீமியமோ நிலத்தின் இன்றைய மதிப்பைச் சார்ந்தது. 1950களின் தொழிலாளிக்குக் கொடுத்த மனைக்கு அத்தொகையை ஓய்வூதியர் ஒருவர் செலுத்துவது எளிதன்று.

இதற்குச் சிலாங்கூர் அரசு ஒரு வழி கண்டிருக்கிறது. தாமே குடியிருக்கும் உரிமையாளர் 1,000 ரிங்கிட் செலுத்திக் குத்தகையைப் புதுப்பிக்கலாம். பின்னர் விற்க விரும்பினால் எஞ்சிய பிரீமியத்தைச் செலுத்தியாக வேண்டும். வாழ்பவரையும் விற்பவரையும் சட்டம் இங்கே வெவ்வேறாக நடத்துகிறது. மூவகையுள் எதிலும் இது முழுதாக அடங்கவில்லை. மனையின் சந்தை மதிப்பிலிருந்து வாழும் உரிமையைப் பிரித்தெடுக்கும் இதனை மனைசார் உறைவின் உட்பிரிவாகக் கொள்வதினும், நான்காம் வகையின் தொடக்கமாகக் கொள்வதே பொருந்தும் எனக் கருதுகிறோம். இதனால் பயன்பெறுவோர் ஏற்கெனவே பெயரில் மனை உள்ளவர்களே.